பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் மறுபடியும் போட்டியிடும்போது, பொருளாதாரத்தை வைத்து அவரை எடைபோடுவது சரியா?

சரிதான். ஆனால் எந்த மாதத்திலிருந்து கணக்கை ஆரம்பிக்கிறோம் என்று முதலில் பேசிக்கொள்ள வேண்டும். நீங்களும் வீட்டில் யாருடனோ முட்டிக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2012-ல் நானும் என் மனைவியின் அண்ணனும் அப்படித்தான் முட்டிக்கொண்டோம்.

அந்த வருடம் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா இரண்டாம் முறை நின்றார், எதிரே குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி. நான் மிச்சிகனில், டெட்ராய்ட் புறநகரில் இருந்தேன். மச்சான் டெக்சாஸில் சொந்தமாகச் சின்னதாய் ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார். அக்டோபர் முதல் வாரத்தில் செப்டம்பர் மாத வேலையின்மைக் கணக்கு வெளிவந்தது. 7.8 சதவீதம். உடனே போன் போட்டார். "மாப்ள, இவர் பதவிக்கு வந்த 2009 ஜனவரியிலயும் 7.8 தான். 787 பில்லியன் டாலருக்குச் சட்டம் போட்டும் நின்ன இடத்துலயேதான் நிக்கிறோம்." நான் விடவில்லை. "2009 அக்டோபர்ல 10 சதவீதம் இருந்துச்சே, அங்கேர்ந்து இறங்கினது கணக்குல வராதா?" என்றேன். இரண்டும் உண்மை. ஆனாலும் ஒரு மணி நேரம் கத்தினோம், கடைசியில் நான் பேச்சுக்கு நடுவிலேயே போனை வைத்துவிட்டேன்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொருளாதாரத்தைத் தூக்கிவிட அரசு பணம் இறக்கும் அந்த 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டம் நிறைவேறினால் வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டாது என்று 2009 தொடக்கத்தில் கணித்தவர்கள் ஒபாமாவின் சொந்தப் பொருளாதார ஆலோசகர்கள்தான். தாண்டியது மட்டுமில்லை, தொடர்ந்து 43 மாதம் 8-க்குக் கீழே வரவே இல்லை. எதிர்க்கட்சி அதைச் சொல்லிக் காட்டியதில் தப்பில்லை.

ஆனால் என் கணக்கு 2009 பிப்ரவரியில் தொடங்குகிறது. கார் இருக்கைகளுக்கு உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் இருந்தேன், அந்த மாதம் வேலை போனது. மனைவிக்கு ஏழாம் மாதம். வேலை போனாலும் பழைய மருத்துவக் காப்பீட்டை நம் காசில் தொடரலாம் என்று ஒரு கடிதம் வந்தது. மாதம் 1,100 டாலர். வேலையின்மை உதவித்தொகையோ மிச்சிகனில் அதிகபட்சமே வாரத்துக்கு 362 டாலர். அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பென்சிலால் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வீட்டுக் கடன் தவணைக்கு எதுவும் மிஞ்சவில்லை. அப்புறம்தான் அந்த ஊக்கச் சட்டம் வந்தது. காப்பீட்டுக் கட்டணத்தில் 65 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொண்டது, நான் கட்டியது 385 டாலர். உதவித்தொகையிலும் வாரத்துக்கு 25 டாலர் கூடியது. 25 டாலர் ஒரு காசா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடம் எங்களுக்கு அது காசுதான். மகள் மே மாதம் பிறந்தாள், மருத்துவமனைக் கட்டணத்துக்காக ஒரு டாலர்கூடக் கடன் வாங்கவில்லை.

அதனால்தான் 2012 செப்டம்பரில், வருமான வரி கட்டாத 47 சதவீதம் பேர் அரசாங்கத்தை நம்பி இருப்பவர்கள் என்று ராம்னி பேசிய காணொளி வந்தபோது எனக்கு அப்படிச் சுட்டது. ஒன்பது வருடம் ஒழுங்காக வரி கட்டிவிட்டு, ஒரு வருடம் கை நீட்டியவன் நான்.

இதைப் படித்துவிட்டு என்னை ஒபாமா கட்சி என்று எழுத வருபவர்களுக்கு: கார் நிறுவனங்களுக்கு 17.4 பில்லியன் டாலர் கடனை முதலில் அறிவித்தது 2008 டிசம்பரில், ஒபாமாவுக்கு முன் அதிபராக இருந்த புஷ். அவர் குடியரசுக் கட்சிக்காரர். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றம் போய், அரசுப் பணத்தோடு எழுந்தது ஒபாமா காலத்தில். அந்தக் கடனை வாங்காத ஃபோர்டுகூடப் போட்டியாளர்களுக்கு உதவச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேசியது. காரணம் எங்களைப் போன்ற உதிரிபாகக் கம்பெனிகள். மூவருக்கும் சரக்குப் போடுவது நாங்கள்தான். ஒருவர் விழுந்தால் நாங்கள் விழுவோம், நாங்கள் விழுந்தால் ஃபோர்டிலும் வண்டி நகராது. 2010 கோடையில் எனக்கு மறுபடி வேலை கிடைத்தது, அதே தொழிலில். அதனால் ஓர் அதிபரை எடைபோட எனக்கு 7.8 போதாது. இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்ற நேரத்தில் அவர் எதற்குக் கையெழுத்துப் போட்டார், அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பேன்.

யாருக்குப் போய்ச் சேரவில்லை என்றும் பார்க்க வேண்டும், அதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். 2012 ஜூலையில் வர்ஜீனியாவில் ஒபாமா, தொழில் வைத்திருப்பவர்களைப் பார்த்து "அதை நீங்கள் கட்டவில்லை" என்கிற மாதிரி பேசினார். சாலை, பாலம் எல்லாம் எல்லோரும் சேர்ந்து போட்டவை என்ற அர்த்தத்தில்தான் சொன்னார் என்று நான் மச்சானிடம் வாதாடினேன். அவர் ஏன் அவ்வளவு கொதித்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. போன வருடம்தான் சொன்னார். 2009-ல் சம்பளம் போட அவர் கேட்ட கடனை வங்கி மறுத்துவிட்டதாம். தன் மனைவியின் நகையை விற்று மூன்று மாதச் சம்பளம் போட்டிருக்கிறார். பெரிய கார் கம்பெனிகளுக்குக் கிடைத்த கை, எட்டுப் பேர் வேலை செய்யும் அவருடைய அலுவலகத்துக்குக் கிடைக்கவில்லை. அவர் 2009 ஜனவரியிலிருந்து எண்ணியது அதனால்தான்.

அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் போனை வைத்திருக்க மாட்டேன்.