யு/ஏ என்று போட்டிருந்ததே, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். பெயரும் ஊரும் போட வேண்டாம், வீட்டில் எல்லோரும் உங்கள் தளத்தைப் படிக்கிறார்கள்.

பொங்கல் லீவில் குடும்பத்தோடு ஒரு பெரிய நடிகரின் படத்துக்குப் போனோம். மனைவி, என் அம்மா, எட்டாவது படிக்கும் மகன், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். சென்சார் சான்றிதழில் யு/ஏ 13+ என்று போட்டிருந்தது. பெரியவர்கள் கூட இருந்தால் போதும் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். இடைவேளைக்கு முன்னால் ஒருவனைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்யும் காட்சி வந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டு "போலாம்ப்பா" என்றாள். ஐந்து டிக்கெட், பாப்கார்ன் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது. எழுந்து வர மனம் வரவில்லை. "கண்ணை மூடிக்கோடா, இப்ப முடிஞ்சிடும்" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. விளக்கை அணைத்தால் அழுகிறாள். பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுக்கிறாள். என் அம்மா, "நாங்கல்லாம் நம்பியார் படம் பாக்கலையா, நீங்கதான் ரொம்பச் செல்லம் குடுக்குறீங்க" என்கிறார். மகனோ, கிளாஸில் எல்லோரும் ஏ படமே பார்த்துவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் தடை என்று சண்டை போடுகிறான்.

ஒரு படம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று போவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? மகள் வேறு, அடுத்த மாதம் பிறந்தநாளுக்கு மறுபடியும் தியேட்டருக்குப் போகணும் என்கிறாள். கூட்டிப் போகலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் மகளைப் பற்றிப் பேசிவிடுவோம். சான்றிதழ் கதை அப்புறம்.

இரவில் விளக்கு எரியட்டும். "அது நிஜமில்லம்மா, வெறும் பெயின்ட்" என்று எத்தனை முறை சொன்னாலும் ஆறு வயதில் அது உள்ளே இறங்காது. அமெரிக்காவில் ஜோஆன் கேன்டர் என்ற ஆய்வாளர், திரையைப் பார்த்துப் பயப்படும் குழந்தைகளைப் பற்றிப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார். ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வது அதிகம் உதவுவதில்லை என்கிறார் அவர். அணைத்துக்கொள்வது, குடிக்க ஏதாவது கொடுப்பது, பிடித்த பொம்மையைக் கையில் தருவது, அந்த இடத்தைவிட்டுக் கூட்டிப் போவது, இவைதான் வேலை செய்யும். எட்டு வயதைத் தாண்டினால் பேச்சு எடுபடும். நம் பாட்டிமார்கள் பயந்த பிள்ளைக்கு நெற்றியில் விபூதி பூசி மடியில் போட்டுக்கொண்டதும் கிட்டத்தட்ட இதேதான்.

பாத்ரூமுக்குக் கூடப் போங்கள், இதில் செல்லம் கொடுப்பது என்று ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் சித்தப்பா, மாமா யாராவது "பூச்சாண்டி வர்றான்" என்று விளையாட்டு காட்டினால் உடனே நிறுத்துங்கள். இன்னும் சில வாரம் போயும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் அம்மா சொல்வதையும் நான் தள்ளிவிட மாட்டேன். நானும் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து நம்பியாரைப் பார்த்துப் பயந்தவள்தான். ஆனால் அந்தப் பயம் வேறு. திரை எங்கோ தூரத்தில் இருந்தது. ரீல் மாற்றும்போது விளக்கு போடுவார்கள், முறுக்கு விற்கும் பையன் குறுக்கே போவான். அடி விழும் சத்தம் 'டிஷ்யூம்' என்று ஒன்றுதான். இன்றைக்குச் சத்தம் நாலு பக்கத்திலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் வருகிறது. எலும்பு உடைவது காதுக்குள்ளேயே கேட்கிறது. வெட்டுப்பட்ட இடத்தை அருகில் போய், வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறார்கள். உங்கள் மகள் கண்ணை மூடவில்லை, காதைத்தான் பொத்தினாள், கவனித்தீர்களா? நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னீர்கள். அவளுக்கு வந்த பயம் சத்தத்தில் இருந்தது.

சரி, இப்போது யு/ஏ.

பெரியவர்கள் கூட இருந்தால் போதும் என்று நீங்கள் நினைத்ததைத்தான் முக்கால்வாசிப் பெற்றோரும் நினைக்கிறார்கள். அதன் பொருள் அது இல்லை. இந்தப் படம் இந்த வயதுக்குக் கீழே உள்ள உங்கள் பிள்ளைக்குச் சரிவருமா என்று நீங்கள் யோசித்து முடிவெடுங்கள் என்றுதான் அந்த எழுத்து சொல்கிறது. 1983 முதல் யு/ஏ என்ற ஒரே பிரிவு இருந்தது, 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி அதை யு/ஏ 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஏ படத்துக்கு மட்டும்தான் 18 வயது ஆகாதவர்களை வாசலில் நிறுத்தச் சட்டம் இருக்கிறது. 16+ படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையோடு போனால் தியேட்டர்க்காரர் தடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் வாசல்காவல் நீங்கள்தான். உங்கள் மகளுக்கு 13 ஆக இன்னும் ஆறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. வயதைப் பிரித்தது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். எண்ணாவது கண்ணில் படுகிறதே.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சான்றிதழுக்குப் பின்னால் வியாபாரமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கொடுத்தார்கள். 2011இல், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்கிற யு சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார்கள். அப்புறம் எப்படியாவது யு வாங்கிவிட வேண்டும் என்று அங்கங்கே வெட்டிக் கொடுத்த படங்கள் நிறைய. குழந்தையை மனதில் வைத்து யாரும் அந்த வெட்டு வெட்டவில்லை. வரிக்காக வெட்டினார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்தக் கதை மாறிவிட்டது. இன்றைக்குக் குடும்பக் கூட்டமும் டிவி உரிமையும் வேண்டும் என்பதால் ஏ-க்குப் பயப்படுகிறார்கள். ஏ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது.

2023இல் 'ஜெயிலர்' படத்துக்கு யு/ஏ கொடுத்தது தவறு, ரத்து செய்யுங்கள் என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். தள்ளுபடி ஆனது. 2025இல் 'கூலி' படத்துக்கு ஏ கிடைத்தபோது, யு/ஏ கொடுங்கள் என்று தயாரிப்பு நிறுவனமே அதே நீதிமன்றத்துக்குப் போனது. அதுவும் தள்ளுபடி. ஒரே நடிகர், இரண்டு வருட இடைவெளி. ஒரு வழக்கில் கடுமை போதாது என்றார்கள், இன்னொன்றில் கடுமை அதிகம் என்றார்கள். ஒரு படத்துக்கு எந்த எழுத்து என்பதே இவ்வளவு வாதத்துக்குரிய விஷயமாக இருக்கும்போது, அந்த எழுத்தை வைத்து உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்படி முடிவு செய்வீர்கள்?

இன்னொன்று. சான்றிதழ் பொதுவான ஒரு பிள்ளைக்கானது. உங்கள் மகள் பொதுவான பிள்ளை இல்லை. என் தங்கை மகனுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு கார்ட்டூன் படத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். யு படம், ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. குட்டி விலங்கின் தாய் இறந்துபோகும், அதையும் நேரடியாகக் காட்டவில்லை. பையன் அழவில்லை, பாப்கார்னைச் சாப்பிட்டு முடித்தான். நல்ல படம் என்று நானும் சந்தோஷமாக வந்தேன். அன்று இரவிலிருந்து ஒரு மாதம், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். அவன் அப்பா வெளிநாடு போய் அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தணிக்கை வாரியத்தில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அது என் மனதை உறுத்துகிறது.

அதனால் நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. ஒரு பெரியவர் பார்த்துவிட்டு வந்து சொல்லாத படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். முதல் வாரம் பிள்ளைகளுக்கு இல்லை என்று வீட்டில் ஒரு வழக்கம் வைத்துவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் உங்களுக்குத் தெரிந்த யாராவது பார்த்திருப்பார்கள். அவர்களிடம் "படம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "சூப்பர்", "மொக்கை", இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும். "நீங்க எந்த இடத்துல முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். "யார் சாகுறாங்க, அதைக் காட்டுறாங்களா? சின்னப் பிள்ளைக்கு, அம்மாவுக்கு, நாய்க்கு ஏதாவது ஆகுதா? சத்தம் எப்படி?" என்று கேளுங்கள். கதை தெரிந்துவிடுமே என்று பார்க்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்கூட்டியே கதை தெரிந்தால் நல்லதுதான். "நடுவுல ஒரு இடத்துல அந்த யானை தொலைஞ்சு போகும், அப்புறம் கிடைச்சிடும்" என்று சொல்லிக் கூட்டிப் போனால் நிம்மதியாகப் பார்க்கும்.

தெரிந்தவர் யாரும் பார்க்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. நம் பெரிய படங்கள் பிரிட்டனிலும் வெளியாகின்றன. அங்கே பி.பி.எஃப்.சி. என்ற வாரியம் அவற்றைப் பார்த்து வயது குறிக்கிறது. எதனால் அந்த வயது என்பதையும் தன் இணையதளத்தில் எழுதிவைக்கிறது, வன்முறை எப்படிப்பட்டது, பயமுறுத்தும் காட்சி எது, கெட்ட வார்த்தை எவ்வளவு என்று. எளிய ஆங்கிலம்தான், உங்கள் மகனையே படித்துச் சொல்லச் சொல்லலாம். சிங்கப்பூரிலும் இதுபோல வயது குறித்துத் தமிழ்ப் படங்களை வெளியிடுகிறார்கள். நான் போவதற்கு முன் இவற்றைப் பார்ப்பது வழக்கம்.

மகன் விஷயம் வேறு. அவனுக்கு ரத்தம் பார்த்துத் தூக்கம் கெடாது. எனக்கு அவனைப் பற்றிய கவலை, எந்த வாரியமும் எண் போடாத விஷயங்களில்தான். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே போய்க் கடைசியில் அவளை ஜெயித்துவிடும் கதாநாயகன், குண்டாக, கறுப்பாக இருப்பவரை வைத்து அரங்கமே சிரிக்கும் காமெடி, துக்கம் வந்தால் பாட்டிலைத் திறப்பது. இதெல்லாம் யு படத்திலும் வந்திருக்கிறது. நாம் எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறோம், பிள்ளை நம் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கிளாஸில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது பாதி உண்மைதான் இருக்கும். தியேட்டரில் விடாத படத்தின் கொடூரமான காட்சி மட்டும் துண்டு துண்டாக ரீல்ஸில் வந்துவிடுகிறது, அதைப் பார்த்துவிட்டுப் படமே பார்த்ததாகச் சொல்வார்கள். ஏ படத்துக்கு இல்லை என்றால் இல்லை, அதில் பேரம் வேண்டாம். 13+ படங்களுக்கு அவனோடு நீங்கள் போங்கள், தங்கையை விட்டுவிட்டு, அவனும் நீங்களும் மட்டும். திரும்பும் வழியில் பைக்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தப் பொண்ணு இடத்துல உன் தங்கச்சி இருந்தா?" பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது அந்த வயதுப் பையன்களுக்கு எளிது, நாலு நாள் கழித்து அவனே ஆரம்பிப்பான்.

வீட்டில் பார்க்கும் படங்களுக்குப் பூட்டு இருக்கிறது, அதைப் போட்டுவையுங்கள். 2021இல் வந்த விதிகளின்படி ஓடிடி தளங்கள் யு/ஏ 13+, அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு தர வேண்டும். படம் தொடங்கும்போது வன்முறை, போதை என்று உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். அந்த வரியைப் படியுங்கள். பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல் வைத்து, உங்கள் புரொஃபைலுக்கு பின் நம்பர் போடுங்கள். மகனுக்குத் தெரியாத நம்பராக.

இனி அந்த இரண்டாயிரம் ரூபாய். நீங்கள் எழுந்து வந்திருந்தாலும் அது போயிருக்கும், உட்கார்ந்திருந்ததாலும் திரும்ப வரவில்லை. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, தம்பி. நீங்கள் மறைக்காமல் எழுதியதால்தான் உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. அவளிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள், "நீ போலாம்னு சொன்னப்பவே அப்பா எந்திரிச்சிருக்கணும்" என்று.

பிறந்தநாளுக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். அவளே கேட்கிறாள் என்பது நல்ல அறிகுறி. யு படமாக, நீங்களோ மனைவியோ முன்பே பார்த்ததாக இருக்கட்டும். பகல் காட்சியாகப் பாருங்கள், வெளியே வரும்போது வெயில் இருக்க வேண்டும். வரிசையின் ஓரத்தில் இருக்கை எடுங்கள், பின்பக்கமாக, ஸ்பீக்கரைவிட்டுத் தள்ளி. காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் முன் சொல்லிவையுங்கள்: "பயமா இருந்தா என் கையை ரெண்டு தடவை அமுக்கு, நாம வெளியில போயி ஐஸ்கிரீம் சாப்பிடலாம்."

படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, உங்களைச் சோதித்துப் பார்க்கவும் அவள் அமுக்கலாம். அப்போதும் எழுந்துவிடுங்கள்.

அன்புடன்.