சாம்பல் நிறத்தில் ஒரு முகம்

கேள்வி: கறுப்பினப் பெண்களை வரைந்து புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஏமி ஷெரால்ட், அவர்களின் சருமத்தைச் சாம்பல் நிறத்தில் தீட்டுவது ஏன்? அது அவர்களின் அடையாளத்தை மறைப்பதாகாதா?

பதில்: முதல் பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை நினைவூட்டும் அந்தச் சாம்பல் நிறம், பார்ப்பவர் சருமத்தை வைத்து ஒருவரை எடைபோடும் அவசரத்தைத் தடுத்து, முகத்தையும் நிற்கும் தோரணையையும் நேராக நம்மைப் பார்க்கும் கண்களையும் முதலில் கவனிக்க வைக்கிறது. 2018-இல் வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்ட மிஷேல் ஒபாமாவின் ஓவியத்தில், முகத்தைவிட அதிக இடத்தை விரிந்து கிடக்கும் பாவாடையே பிடித்துக்கொள்கிறது; அதன் வடிவங்கள் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளை நினைவுபடுத்துகின்றன. (முகச்சாயல் சரியாக இல்லை என்ற முணுமுணுப்பும் அப்போது எழுந்தது, எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.)

2020-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் தன் வீட்டிலேயே காவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிரியானா டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை, ஷெரால்ட் அதே ஆண்டில் வரைந்தார். நீலப்பச்சை உடையில் நிமிர்ந்து நிற்கும் அப்பெண்ணின் விரலில், காதலர் கொடுக்க எண்ணியிருந்த நிச்சயதார்த்த மோதிரம் இருக்கிறது.