பர்ஸ்: பையும் பணமும்

‘பர்ஸ்’ என்ற சொல்லைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அகராதிப் பணியில் ஈடுபட்டுள்ள ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகள் தன் பெரிய தோள்பையைப் பர்ஸ் என்கிறாள். அது சரியா?

பதில்: அந்த ஊருக்கு அது சரியே. பிரிட்டனில் பெண்கள் சில்லறை வைத்துக்கொள்ளும் சிறு பைதான் பர்ஸ்; ஆண்கள் வைத்திருப்பது வாலட். தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு இல்லை. பணம் வைக்கும் சிறிய பை யாரிடம் இருந்தாலும் அது பர்ஸ்தான். சென்ற தலைமுறையினர் அதையே மணிபர்ஸ் என்றார்கள். பேருந்தில் பர்ஸை அடித்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னால், தோள்பை பறிபோனதாக இங்கு யாரும் நினைப்பதில்லை. ஆகவே, அமெரிக்கக் கதையை மொழிபெயர்ப்பவர் ‘பர்ஸிலிருந்து குடையை எடுத்தாள்’ என்று எழுதாமல், கைப்பை என்று எழுதுவதே முறை.

கேள்வி: உதட்டைக் குவிப்பதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் ஏன் குறிக்கிறார்கள்?

பதில்: பழைய பர்ஸுக்குப் பித்தானும் ஜிப்பும் இல்லை, வாயை மூடுவது கயிறு. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பையைப் பாருங்கள். வாய்ப்புறத்துத் துணியை மடித்துத் தைத்து, அந்த மடிப்புக்குள் இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கமாகக் கோத்திருப்பார்கள். இரண்டையும் ஒருசேர இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாகச் சுருங்கி வாய் மூடிக்கொள்ளும். அதிருப்தியில் குவிந்த உதட்டில் விழும் சுருக்கங்களும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: மீன்பிடி வலையின் ஆங்கிலப் பெயரிலும் பர்ஸ் வருகிறதே?

பதில்: அங்கும் கயிறுதான் வேலை செய்கிறது. மேல் விளிம்பில் மிதவைகளும் கீழ் விளிம்பில் வளையங்களும் கொண்ட நீண்ட வலையை மீன்கூட்டத்தைச் சுற்றிச் சுவர்போல் இறக்கி, வளையங்களின் வழியே ஓடும் கயிற்றை இழுத்தால் அடிப்பகுதி மூடிக்கொள்ளும். கூட்டம் முழுவதும் சிக்கிவிடுவதால்தான் இவ்வலைக்குத் தடையும், அதையொட்டி நீதிமன்ற வழக்குகளும். நம் கடற்கரையில் இதைச் சுருக்குமடி வலை என்பார்கள். தமிழக அரசின் தடையை எதிர்த்த வழக்கில், 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழக்கிழமைகளில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இவ்வலையைப் பயன்படுத்த அனுமதித்தது.

கேள்வி: விழாக்களில் வழங்கும் ‘பர்ஸ்’ எது?

பதில்: பணமுடிப்பு. துணியில் முடிந்து தரும் தொகை என்பது பொருள். 1934இல் அரிசன நிதிக்காகக் காந்தி தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்தபோது ஊர்மக்கள் அவரிடம் அளித்தவை பணமுடிப்புகளே. பாண்டியனிடம் தருமி பெற்ற பொற்கிழியும் இவ்வகையே. கிழி என்பது துணித்துண்டு. இன்று காசோலையை உறையில் வைத்துக் கொடுத்தாலும் அழைப்பிதழில் பொற்கிழி என்றுதான் அச்சிடுகிறார்கள்; அதில் பிழை காண வேண்டியதில்லை.

கேள்வி: ஐபிஎல் ஏலத்தில்?

பதில்: ஓர் அணி வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தத் தொகை. 2025ஆம் ஆண்டுத் தொடருக்கு அது அணிக்கு 120 கோடி ரூபாய்.

கேள்வி: போட்டித் தேர்வில் வரும் ‘பிரிவி பர்ஸ்’ என்பது என்ன?

பதில்: மன்னர் மானியம். இந்தியாவுடன் இணைந்த சமஸ்தானங்களின் மன்னர்களுக்கு அரசமைப்பின் 291ஆவது பிரிவு உறுதியளித்த ஆண்டுத் தொகை அது. மைசூர் மன்னருக்கு 26 லட்சம் ரூபாய். சௌராஷ்டிரத்தின் கட்டோடியா சிற்றரசருக்கோ வெறும் 192 ரூபாய். 1970இல் இதை ஒழிக்கக் கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் நூலிழையில் தோற்றது. அதையடுத்து மன்னர்களின் அங்கீகாரத்தை நீக்கிய குடியரசுத் தலைவர் ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இறுதியில் 1971இல் 26ஆவது திருத்தம் மானியத்தை ஒழித்தது. இதைப் ‘பணப்பை ஒழிப்பு’ என்று எழுதிய விடைத்தாள்களும் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு.

கேள்வி: எங்கள் கல்லூரியில் நிதிப் பொறுப்பாளரை பர்சார் என்கிறார்கள். தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் லத்தீனில் பையைக் குறிக்கும் ‘புர்சா’ ஆயிற்று. பர்ஸும் பர்சாரும் அதன் வழிவந்தவை.