ஸ்டான்ஃபோர்டு மரத்தின் வேஷம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கெல்லாம் கரடி, புலி, கழுகு என்று மாஸ்காட் (அணியின் அடையாளமாக வேஷம் கட்டி ஆடும் உருவம்) இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஏன் மரம்? (திருச்சி)

மரத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும். 1930 முதல் ஸ்டான்ஃபோர்டு அணிகளின் பெயர் 'இந்தியன்ஸ்', அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகள். யூரோக் பழங்குடியைச் சேர்ந்த டிம் வில்லியம்ஸ், 1951 முதல் 'பிரின்ஸ் லைட்ஃபுட்' என்ற பெயரில் வேஷம் கட்டி மைதானத்தில் ஆடிவந்தார். 1972இல் பூர்வகுடி மாணவர்களும் ஊழியர்களுமாக 55 பேர் அந்தச் சின்னமே வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் லைமன் காலத்தில் அது கைவிடப்பட்டது. பழைய மாணவர்கள் பலர் கொதித்தார்கள். ஆனாலும் அது சரியான முடிவுதான். வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி, பூர்வகுடிகளை இழிவுபடுத்திய தன் பழைய பெயரை விட 2020 வரை ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் புதுப் பெயர் தேடினார்கள். நிறுவனர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு ரயில்பாதை முதலாளி. அதைக் குத்திக்காட்டி 'ராபர் பேரன்ஸ்', அதாவது கொள்ளைக்கார முதலாளிகள், என்ற பெயருக்கு மாணவர்கள் வாக்களித்தார்கள். நிர்வாகம் மறுத்துவிட்டது. இந்த வெற்றிடத்தில், 1975இல் மாணவர் இசைக்குழு இடைவேளை நிகழ்ச்சியில் வேண்டுமென்றே அபத்தமான மாஸ்காட்களை இறக்கிவிட்டது. ஆவி பறக்கும் சாக்கடை மூடி ஒன்று, ஃபிரெஞ்சு ஃபிரை ஒன்று, மரம் ஒன்று. கூட்டத்துக்கு மரம் பிடித்துப்போனது.

அப்படியானால் அணியின் இப்போதைய பெயரான 'கார்டினல்' என்பது பறவை இல்லையா?

இல்லை, அடர்சிவப்பு நிறம். பல்கலைக்கழகத்துக்கு அதிகாரபூர்வ மாஸ்காட் இன்றுவரை கிடையாது. மரம் இசைக்குழுவின் பிள்ளை.

அது கற்பனை மரமா, நிஜ மரமா? (மட்டக்களப்பு)

நிஜ மரம். 'எல் பாலோ ஆல்ட்டோ' என்ற ரெட்வுட் வகை ஊசியிலை மரம், ஆயிரம் வயதைத் தாண்டியது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய பாலோ ஆல்ட்டோ ஊருக்குப் பெயர் கொடுத்ததும் அதுதான், பல்கலைக்கழக முத்திரையில் இருப்பதும் அதுதான். 1769இல் போர்த்தோலா தலைமையில் வந்த ஸ்பானியர்கள் அந்தப் பக்கம் முகாமிட்டார்கள்.

வேஷம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறதே, பழசு கிழிந்துவிடுகிறதா?

இதற்குத்தான் காத்திருந்தேன்! மற்ற கல்லூரிகளில் உடை ஒன்றுதான், உள்ளே இருப்பவர்தான் மாறுவார். போட்டிப் பல்கலைக்கழகமான பெர்க்லியின் கரடி மாஸ்காட் ஆஸ்கிக்குள் யார் இருக்கிறார் என்பதே ரகசியம். ஸ்டான்ஃபோர்டில் நேர் எதிர். ஆண்டுதோறும் போட்டியாளர்கள் விநோத சாகசங்கள் செய்து காட்ட, இசைக்குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் தன் மரத்தைத் தானே புதிதாகச் செய்ய வேண்டும். துணி இலைகள், பிதுங்கும் கண்கள், காது வரை இளிக்கும் வாய் எல்லாம் பொதுவாக இருக்கும். ஆனால் ஓர் ஆண்டு ஒல்லியாகக் கூம்பு போல வரும், அடுத்த ஆண்டு புதராகப் பரந்து வரும். தைத்தவரே ஆடுவதால், எந்தக் கிளை எப்படி அசையும் என்று அவருக்குத் தெரியும். நிறுவனம் அச்சில் வார்த்த உடையில் இது வராது. தயவுசெய்து இதை யாரும் 'ஒழுங்குபடுத்த' வேண்டாம்.

மர வேஷத்தைத் திருடினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். 1998 அக்டோபரில் பெர்க்லி மாணவர்கள் இசைக்குழுவின் கட்டடத்திலிருந்து கிளப்பிக்கொண்டு போனார்கள். சுமார் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

எங்கள் கல்லூரி விளையாட்டு விழாவுக்கு நாங்களே மாஸ்காட் செய்யப்போகிறோம் சார். எதைக் கவனிக்க வேண்டும்? (கோவை)

முதலில் எடை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மாஸ்காட் புரூட்டஸ் பக்ஐ 1965இல் காகிதக் கூழில்தான் பிறந்தது, பிறகு ஃபைபர் கிளாஸுக்கு மாற்றினார்கள். நீங்கள் ஸ்பாஞ்சில் செய்யுங்கள். பாரம் கழுத்தில் இறங்கக் கூடாது, பொய்க்கால் குதிரை மாதிரி தோளில் வார் போட்டுத் தொங்கவிடுங்கள். வாய்ப் பகுதியில் வலைத்துணி வைத்தால் பார்க்கவும் மூச்சுவிடவும் வழி கிடைக்கும். பக்கவாட்டில் கண் தெரியாது, எனவே கூடவே ஓர் ஆள் நடக்க வேண்டும். நம் வெயிலில் கால் மணிக்கொரு தரம் கழற்றித் தண்ணீர் கொடுங்கள். ஆட்டம் எவ்வளவு சூடுபிடித்திருந்தாலும் இதில் சமரசம் வேண்டாம்.