உட் பிரதர்ஸ்: நிற்கும் நேரத்தில் ஜெயித்த அணி (கேள்வி பதில்)

நாஸ்கார் (அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத் தொடர்) என்று எழுதினாலே, "வட்டம் போடுவதில் என்ன இருக்கிறது?" என்று ஒருவர் வந்துவிடுவார். அவருக்குத் தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை ஒரே ஓர் அணியைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1950-ல் தொடங்கி, இன்றும் அதே குடும்பத்தின் கையில் ஓடிக்கொண்டிருக்கும் உட் பிரதர்ஸ் அணி. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: அண்ணா, நான் எஃப்1 மட்டும் பார்ப்பவன். ஸ்டாக் கார் என்றால் என்ன, அதிலிருந்து ஆரம்பிக்கலாமா?

ஷோரூமில் 'ஸ்டாக்' இருக்கும் கார். அவ்வளவுதான் பெயர்க் காரணம். 1940-களின் இறுதியில் உண்மையாகவே கடையில் வாங்கிய காரைத்தான் ஓட்டினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எல்லாம் மாறி, இப்போது கடைக் காரின் முகச்சாயல் மட்டும்தான் மிச்சம். தொடக்கத்தில் அது பட்டறை மெக்கானிக்குகளின் விளையாட்டாக இருந்தது. இது மட்டும் மனதில் இருந்தால் போதும், மற்றவை தானாகப் புரியும்.

கே: 'உட்' என்பது குடும்பப் பெயரா? மரத்துக்கும் இவர்களுக்கும் ஏதோ தொடர்பு என்று படித்தேன்.

இரண்டும்தான். பெயரும் மரம், பிழைப்பும் மரம். மூத்தவர் கிளென் உட், வர்ஜீனியா மலையடிவாரத்தில் ஸ்டூவர்ட் என்ற சின்ன ஊரில் மரம் அறுத்து விற்றவர். அதனால் பந்தயத்தில் அவருக்கு 'மரம்வெட்டி' என்றே பட்டப்பெயர். 1950-ல் 50 டாலருக்கு ஒரு பழைய 1938 ஃபோர்டை வாங்கினார்கள். முதல் பந்தயத்திலேயே அடிபட்டு, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும் வழியில் அது தீப்பிடித்துக்கொண்டது. நம் வீடாக இருந்தால் "சகுனம் சரியில்லை, விட்டுடு" என்று அம்மா சொல்லியிருப்பார். இவர்கள் விடவில்லை.

கிளென், லெனார்ட், டெலானோ, கிளே, ரே லீ என்று ஐந்து சகோதரர்கள். கிளென் ஓட்டினார். அவரைவிட ஒன்பது வயது இளைய லெனார்ட்தான் மூளை. கிளென் நாஸ்காரின் முதல் பிரிவில் ஓட்டுநராக நான்கு பந்தயங்களை வென்றவர். நான்கும் வட கரோலினாவில் போமன் கிரே என்ற ஒரே சின்ன மைதானத்தில். ஓட்டுவதைவிட ஓட வைப்பதுதான் தனக்கு ஒத்துவரும் என்று புரிந்துகொண்டு அறுபதுகளில் ஸ்டியரிங்கை மற்றவர்களிடம் கொடுத்தார்.

கே: பிட் ஸ்டாப்பைக் கண்டுபிடித்ததே இவர்கள்தான் என்கிறார்கள். கொஞ்சம் மிகையாக இல்லை?

மிகைதான். ஆனால் அதிகம் இல்லை. டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் கார் உள்ளே வருவது அவர்களுக்கு முன்பே உண்டு. ஆனால் அது நம்மூர் பங்ச்சர் கடையில் வண்டி நிற்பது மாதிரி. ஒரு நிமிடத்துக்கு மேல் சாதாரணமாக ஆகும். தண்ணீர் குடிப்பார்கள், கண்ணாடி துடைப்பார்கள், நாலு வார்த்தை பேசுவார்கள். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எல்லோரும் எஞ்சினில் இன்னும் நாலு குதிரைச்சக்தி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

உட் சகோதரர்கள் போட்ட கணக்கு வேறு. ஓடும் காரில் ஒரு சுற்றுக்கு அரை விநாடி சம்பாதிக்க மாதக்கணக்கில் மண்டையை உடைக்க வேண்டும். நிற்கும் காரில் இருபது விநாடியைச் சும்மா எடுக்கலாம். அதற்குத் தேவை பணம் இல்லை, ஒத்திகை. யார் எந்தப் பக்கம் ஓடுவது, யார் ஜாக்கியைத் தூக்குவது, யார் டயரை உருட்டுவது என்று பிரித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பழகினார்கள். லெனார்ட் ஜாக்கியை இலகுவாக்கினார், குறைந்த அழுத்தலில் கார் எழும்பும்படி செய்தார். ஜாக்கி டெலானோவின் கையில். அண்ணன் தம்பிகள் என்பதால் கண் ஜாடையே போதும். நின்று கிளம்பும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது.

ஒரு விஷயம் கவனியுங்கள். இவர்கள் யாரும் சம்பளத்துக்கு வந்த பிட் ஆட்கள் இல்லை. வார நாளில் காரைக் கட்டியவர்களேதான் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் பிட் சுவரைத் தாண்டிக் குதித்தவர்கள். எந்த நட்டு எப்படி இறுகும் என்று கைக்குத் தெரியும்.

கே: இந்தியானாபொலிஸ் 500-க்கும் இவர்கள் போனார்களாமே? அது வேறு உலகம் இல்லையா?

முற்றிலும் வேறு உலகம். அங்கே ஓடுவது ஸ்டாக் கார் இல்லை, எஃப்1 மாதிரி சக்கரம் வெளியே தெரியும் கார். 1965. லோட்டஸ் காரில் எஃப்1 ஓட்டுநர் ஜிம் கிளார்க், பின்னால் ஃபோர்டு எஞ்சின். ஃபோர்டு கம்பெனிக்கு எப்படியாவது ஜெயிக்க வேண்டும். "பிட் வேலைக்கு நம்ம ஸ்டூவர்ட் ஆட்களைக் கூப்பிடு" என்று முடிவானது. முந்தைய வருடப் பந்தயத்தில் பெரும் தீவிபத்து நடந்து இரண்டு ஓட்டுநர்கள் இறந்திருந்தார்கள். அதனால் அழுத்தம் கொடுத்து எரிபொருள் ஏற்றுவதைத் தடைசெய்துவிட்டார்கள், தொட்டியிலிருந்து தானாக இறங்க வேண்டும். அதுவரை தொட்டுப் பார்க்காத ஒரு காரில், புது விதியில், உட் குழு வேலை செய்தது.

கிளார்க் இரண்டே முறைதான் உள்ளே வந்தார். இரண்டையும் சேர்த்தாலும் நின்ற நேரம் 45 விநாடிக்குள். 200 சுற்றில் 190 சுற்று அவர்தான் முன்னால். பின்பக்க எஞ்சின் கார் அங்கே ஜெயித்தது அதுதான் முதல் முறை. அந்தப் பந்தயத்துக்காக கிளார்க் மொனாக்கோ எஃப்1 பந்தயத்தையே விட்டுவிட்டு வந்திருந்தார், அப்படியும் அந்த ஆண்டு எஃப்1 சாம்பியன் அவர்தான். எஃப்1 மட்டும் பார்க்கும் தம்பிக்கு இந்தத் தகவல் சமர்ப்பணம்.

கே: நண்பனைக் காப்பாற்றியதால் கார் கிடைத்து, அதில் ஜெயித்த ஓட்டுநர் கதை உண்மையா? சினிமா மாதிரி இருக்கிறது.

சினிமாவில் வைத்தால் "நம்புற மாதிரி இல்லை" என்பார்கள், அதனால் எடுத்திருக்க மாட்டார்கள். 1963 பிப்ரவரி, டேடோனா. உட் பிரதர்ஸின் ஓட்டுநர் மார்வின் பாஞ்ச், நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500-க்கு பத்து நாள் முன்பு ஒரு மசராட்டியைச் சோதனை ஓட்டம் ஓட்டியபோது கார் தலைகீழாகக் கவிழ்ந்து பற்றி எரிந்தது. அங்கே நின்றிருந்த சிலர் தீக்குள் ஓடி அவரை இழுத்து எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் டைனி லண்ட். 'டைனி' என்றால் குட்டி. ஆள் ஆறடிக்கு மேல் மலை மாதிரி. அந்தப் பந்தயத்துக்கு ஓட்ட அவருக்குக் கார் இல்லை.

மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பாஞ்ச், "என் காரை அவனுக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். உட் சகோதரர்களும் கொடுத்தார்கள். லண்ட் மற்றவர்களைவிட ஒரு முறை குறைவாக நின்று ஓட்டினார். முன்னால் போய்க்கொண்டிருந்த ஃப்ரெட் லோரன்சனும் நெட் ஜாரட்டும் கடைசிச் சுற்றுகளில் பெட்ரோலுக்காக உள்ளே வர வேண்டியதாயிற்று. லண்ட் வரவில்லை. ஜெயித்தார். நின்ற நேரத்தைக் குறைத்து ஜெயிப்பது இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். தீயில் இறங்கியதற்காக அவருக்கு வீரத்துக்கான கார்னகி பதக்கமும் கிடைத்தது.

கே: டேவிட் பியர்சன் - ரிச்சர்ட் பெட்டி 1976 கடைசிச் சுற்றைப் பற்றிச் சொல்லுங்கள் சார்.

இதற்காகவே காத்திருந்தேன். 1976 டேடோனா 500. உட் பிரதர்ஸ் காரில் பியர்சன், எதிரில் பெட்டி. கடைசிச் சுற்று, மூன்றாவது திருப்பத்தில் பியர்சன் முந்துகிறார். நான்காவது திருப்பத்தில் பெட்டி உள்பக்கம் நுழைகிறார். உரசல். இருவரும் சுவரில் மோதிச் சுழன்று புல்வெளியில் விழுகிறார்கள், பந்தயம் முடியும் கோடு கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது. பெட்டியின் கார் கோட்டுக்கு மிக அருகில் நின்று ஆஃப் ஆகிவிட்டது. சாவியைத் திருகத் திருக எஞ்சின் பிடிக்கவில்லை. பியர்சனோ சுழன்றுகொண்டிருக்கும்போதே கிளட்ச்சை மிதித்து எஞ்சினை அணையவிடாமல் வைத்திருந்தார். நசுங்கிய மூக்கோடு மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து போய்க் கோட்டைத் தாண்டினார். சுவரில் மோதும் நேரத்தில் கிளட்ச் ஞாபகம் வருவதற்கு எப்பேர்ப்பட்ட நிதானம் வேண்டும்! அவரை 'வெள்ளி நரி' என்று அழைத்தது சும்மா இல்லை.

கே: இவ்வளவு ஜெயித்தும் ஓட்டுநர் சாம்பியன் பட்டம் ஒன்றுகூட இல்லையே, ஏன்?

முழு சீசன் ஓட்டாததுதான் காரணம். எல்லாப் பந்தயத்துக்கும் போனால் செலவு கையைக் கடிக்கும். அதனால் பரிசுத் தொகை பெரிதாக இருக்கும் பெரிய மைதானங்களுக்கு மட்டும் போனார்கள். 1973-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: சீசனில் 28 பந்தயம். பியர்சன் உட் பிரதர்ஸ் காரில் ஓட்டியது 18, வென்றது 11. அந்த வருட சாம்பியன் பென்னி பார்சன்ஸ், வென்றது ஒன்றே ஒன்று. புள்ளிக் கணக்கு வருகைப் பதிவேடு மாதிரி, தினமும் வந்தவனுக்குத்தான் மார்க். என்னைக் கேட்டால், அந்த வருடம் பட்டம் தப்பியது அணிக்குக் குறையே இல்லை. பியர்சன் இவர்களோடு இருந்த ஏழு ஆண்டுகளில் 43 வெற்றி.

கே: அப்படிப்பட்டவரை எதற்கு அனுப்பினார்கள்?

1979 ஏப்ரல், டார்லிங்டன் மைதானம். பியர்சன் பிட்டுக்குள் வருகிறார். வலப்பக்க இரண்டு டயர் மட்டும்தான் மாற்றப்போகிறார்கள் என்பது அவர் நினைப்பு. குழுவோ நாலையும் மாற்றத் தயாராகி, இடப்பக்க நட்டுகளைத் தளர்த்திவிட்டது. ஜாக்கி இறங்கியதும் அவர் கிளம்பிவிட்டார். பிட் பாதையின் முடிவில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் கழன்று தனியே ஓடின.

உலகத்துக்கே பிட் ஸ்டாப் சொல்லிக்கொடுத்த அணிக்கு, பிட் ஸ்டாப்பிலேயே சறுக்கல். அடுத்த சில நாட்களில் பிரிந்துவிட்டார்கள். பியர்சன் இடத்துக்கு நீல் பானெட் வந்தார். பியர்சன் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், வேறு அணியில் காயம்பட்ட ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டுக்குப் பதிலாக உட்கார்ந்து, அதே டார்லிங்டனில் சதர்ன் 500 பந்தயத்தை ஜெயித்தார். இந்த மாதிரி நேரத்தில் யார் பக்கம் கைதட்டுவது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் இரு தரப்பும் பகையை வளர்க்கவில்லை.

கே: எப்போதும் ஃபோர்டுதானா?

ஆமாம். இடையில் ஓட்டிய மெர்க்குரியும் ஃபோர்டு வீட்டுப் பிள்ளைதான்.

கே: நம்ம நரேன் கார்த்திகேயன் நாஸ்காரில் ஓட்டினாரே, அவருக்கும் இந்த அணிக்கும் தொடர்பு உண்டா?

அணியோடு இல்லை, ஊரோடு உண்டு. 2010-ல் அவர் நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓட்டினார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில் மைதானத்தில். அது ஸ்டூவர்ட்டுக்குப் பக்கத்து ஊர் என்றே சொல்லலாம். கோயம்புத்தூர்க்காரர் அந்த மலையடிவாரத்தில் வந்து டிரக் ஓட்டினார் என்பதும், அந்த ஆண்டு டிரக் பிரிவில் ரசிகர்கள் ஓட்டுப்போட்டு 'மிகவும் பிரபலமான ஓட்டுநர்' ஆக்கினார்கள் என்பதும் எனக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருக்கும்.

கே: பிறகு உட் பிரதர்ஸ் ஏன் காணாமல் போனார்கள்?

காணாமல் போகவில்லை, மெலிந்தார்கள். விளையாட்டு முழுக்க வட கரோலினாவின் சார்லட்டைச் சுற்றிக் குவிந்துவிட்டது. நாலு கார், ஐந்நூறு ஆட்கள், காரைக் காற்றில் சோதிக்கும் சுரங்கம் என்று பெரிய கம்பெனிகள் வந்தன. இவர்களிடம் ஒரு கார். ஸ்டூவர்ட்டுக்கு வர எந்த எஞ்சினியர் சம்மதிப்பார்? கடைசியில் பட்டறையை சார்லட் பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று. 1993-க்குப் பிறகு அடுத்த வெற்றி 2001. அதற்குப் பிறகு பத்து வருடம் எதுவுமில்லை. பணம் போதாமல் 2009 முதல் மறுபடி சில பந்தயங்கள் மட்டும்.

அந்த நிலையில்தான் 2011 டேடோனா 500. ஓட்டுநர் ட்ரெவர் பெய்ன். முந்தைய நாள்தான் 20 வயது முடிந்திருந்தது. இந்தப் பிரிவில் அவருக்கு அது இரண்டாவது பந்தயம். காருக்குப் பழைய பியர்சன் கார் போலவே வண்ணம். பையன் ஜெயித்தேவிட்டான்! டேடோனா 500 வென்ற மிக இளையவர். ஜெயித்தவர்கள் போகும் இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று தெரியாமல் வழியைத் தவறவிட்டான். அணிக்கு அது ஐந்தாவது டேடோனா 500: லண்ட், கேல் யார்பரோ, ஏ. ஜே. ஃபாய்ட், பியர்சன், பெய்ன்.

கே: நூறாவது வெற்றி பற்றி இரண்டு வரி?

இரண்டு வரியில் அடங்காது. 2017-ல் போக்கனோவில் ரயன் பிளேனி 99-வது வெற்றியைக் கொடுத்தார். அப்புறம் ஏழு வருடம் 99-லேயே நின்றது. சச்சினின் நூறாவது சதத்துக்கு நாம் காத்திருந்தது ஒன்றுமே இல்லை. கிளென் உட் 2019 ஜனவரியில் 93 வயதில் காலமானார். அவர் அந்த நூறைப் பார்க்கவில்லை.

2024-ல் ஓட்டுநர் ஹாரிசன் பர்ட்டன். புள்ளிப் பட்டியலில் கிட்டத்தட்ட அடிமட்டம். அடுத்த ஆண்டு உனக்கு இடமில்லை என்று அணி ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஆகஸ்ட் மாத டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அவர் கைல் புஷ்ஷை முந்திப் போய் ஜெயித்தார். அவருக்கு முதல் வெற்றி, அணிக்கு நூறாவது. டிவி வர்ணனை அறையில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய அப்பா ஜெஃப் பர்ட்டன். வேலை போன பையன் கொடுத்துவிட்டுப் போன நூறு அது. அவர் இடத்துக்கு வந்த ஜாஷ் பெரி 2025 மார்ச்சில் லாஸ் வேகாஸில் 101 ஆக்கினார்.

கே: அமெரிக்காவில் இருக்கிறேன். ஸ்டூவர்ட் போனால் என்ன பார்க்கலாம்?

அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய கார்கள் இருக்கின்றன. எல்லோரும் அணியின் அடையாளமான 21-ம் எண் கார்கள் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், எடுங்கள். ஆனால் லெனார்ட் சிறுவயதில் செய்த குட்டிக் காரைப் பற்றியும் விசாரியுங்கள். அந்தக் காலத்தில் கரண்ட் இல்லாத கிராமங்களுக்காக பெட்ரோலில் ஓடும் வாஷிங் மெஷின் விற்றார்கள். அதன் எஞ்சினைக் கழற்றி ஒரு குட்டிக் காரில் மாட்டி ஓட்டியவர் அவர். துணி துவைக்கும் எஞ்சின் வீட்டில் காணாமல் போனபோது அவர் அம்மா என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் தெரிந்தாக வேண்டும். கேட்டுச் சொன்னால் அடுத்த கேள்வி பதிலில் உங்கள் பெயரைப் போடுகிறேன்.