ஒப்பந்தம் போட்டும் வட கொரியாவுக்கு அணுகுண்டு கிடைத்தது எப்படி?

கேள்வி: 1994-ல் அமெரிக்கா வட கொரியாவை நம்பி ஒப்பந்தம் போட்டு ஏமாந்தது. பகை நாட்டோடு இப்படிப் பேசுவதே தப்பில்லையா?

பதில்: பேசியது தப்பில்லை. நேரில் ஆய்வு செய்ய ஏற்பாடு இல்லாத இடத்தை அப்படியே விட்டதுதான் தப்பு.

ஜெனீவாவில் போட்ட அந்த ஒப்பந்தத்தில், உலையில் உருவாகும் குண்டுப் பொருளான புளுட்டோனியத்தைப் பற்றிய பகுதி உறுதியாக இருந்தது. வட கொரியாவின் அணு மையமான யோங்பியோனின் 5 மெகாவாட் உலையும், புளுட்டோனியம் பிரிக்கும் ஆலையும் நின்றன. உலையிலிருந்து எடுத்த சுமார் 8,000 எரிகோல்களை உறைகளில் அடைத்தார்கள்; சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அங்கேயே தங்கிக் கண்காணித்தார்கள். எட்டு ஆண்டுகள் அதில் யாரும் கை வைக்கவில்லை.

குண்டுக்கு இன்னொரு வழி யுரேனியம் செறிவூட்டல். அதற்கும் தடை இருந்தது, ஆனால் சுற்றுவழியாக: செறிவூட்டுவதில்லை என்று இரு கொரியாக்களும் 1992-ல் வெளியிட்ட பிரகடனத்தைச் செயல்படுத்த வேண்டும் என்று ஒரு வரி. அதைச் சோதிக்க ஆள் இல்லை. செறிவூட்டும் சுழல் இயந்திரங்களான சென்ட்ரிஃபியூஜ்களைச் சாதாரணத் தொழிற்சாலைக் கொட்டகைக்குள்ளேயே ஓட்டலாம். உலையைப் போல செயற்கைக்கோள் கண்ணில் எளிதில் படாது. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.கியூ.கானின் கள்ளச்சந்தை வலைப்பின்னல் அவற்றைக் கொடுத்தது.

அமெரிக்கத் தரப்பும் சொன்ன தேதியில் செய்யவில்லை. மொத்தம் 2,000 மெகாவாட்டுக்கு மின் உற்பத்திக்கான இரண்டு மென்னீர் உலைகள் 2003-க்குள் தருவதாகப் பேச்சு. முதல் உலைக்குக் கான்கிரீட் போட்டதே 2002 ஆகஸ்டில். ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரிஎண்ணெய் தருவதாகச் சொன்னதும் அடிக்கடி தாமதமானது. செனட் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கை அல்ல என்பதால், பணத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

2002 அக்டோபரில், வட கொரியா ரகசியமாக யுரேனியம் செறிவூட்ட முயல்கிறது என்று அமெரிக்கா சொல்லி விவகாரம் வெடித்ததும் எண்ணெயை நிறுத்தினார்கள். டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அடுத்த மாதம் வட கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகியது. யுரேனிய மோசடிக்குக் கொடுத்த பதிலடி, பூட்டிக் கிடந்த புளுட்டோனியத்தைத் திறந்துவிட்டது. 2006 அக்டோபரில் வட கொரியாவின் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தது.

கேள்வி: இனி பேசுகிறவர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: செய்தபின் பழையபடி மாற்ற முடியாததை. ஈரானுடனான 2015 ஒப்பந்தத்தில் யுரேனியச் செறிவு 3.67 சதவீதம், செறிவூட்டிய யுரேனிய இருப்பு 300 கிலோ என்று வரம்பு இருந்தது. 2018-ல் அமெரிக்கா விலகியது. அடுத்த ஆண்டே ஈரான் அந்த வரம்புகளைத் தாண்டியது. 2021-ல் செறிவு 60 சதவீதத்தை எட்டியது. ஒப்பந்தப்படி கழற்றி, ஈரானின் நத்தான்ஸ் அணு மையத்தில் அடுக்கிவைத்த சென்ட்ரிஃபியூஜ்களைத் திரும்பப் பூட்டலாம். ஆனால் ஈரானின் அராக் உலையிலிருந்து எடுத்த மையக்கலனுக்குள் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். அது இனி உலைக்கு உதவாது.