ஒரே கரையில் ஆறு நாள் முக்குளித்தால் சலிக்காதா?

குளச்சலில் சிப்பி எடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர் கேட்கிறார்: "சிலிண்டரோடு முக்குளிப்பதற்கான முதல் நிலைச் சான்றிதழ், ஓபன் வாட்டர், வாங்கிவிட்டேன். ஆடியில் ஆறு நாள் பாலித் தீவின் துலாம்பென் போகிறேன். அங்கே கரையிலிருந்தே இறங்கலாமாம். தினமும் அதே இடம் சலிக்காதா? படகு பேசட்டுமா?"

படகுக் காசை மிச்சம் பிடியுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரே பாறையில் எத்தனை வருஷம் சிப்பி எடுத்திருப்பார்கள்! வெள்ளம் ஒருநாள் தெளிவு, மறுநாள் கலக்கு. பாறை அதேதான், காட்சி வேறு. நம் கடல் கொந்தளிக்கும் ஆடியில் அங்கே மழையில்லாக் காலம் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

எல்லோரும் முதலில் ஓடுவது லிபர்ட்டி கப்பலுக்கு. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் அது. கரைதட்டிக் கிடந்ததை 1963இல் அகுங் எரிமலை வெடித்துக் கடலுக்குள் தள்ளியது. சுமார் 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர் வரை கிடக்கிறது. உங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அதற்குள்ளேயே பார்த்துத் தீராது. காலை பத்து மணிக்குப் போனால் மற்றவர்களின் துடுப்புக் கால்கள்தான் தெரியும். விடியும்போதே இறங்குங்கள், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாகக் கிளம்பும் நேரம் அது. இன்னொரு நாள் இரவில், விளக்கோடு அதே கப்பலுக்குப் போங்கள். இது வேறு கப்பல் என்று சண்டைக்கு வருவீர்கள்.

அங்கே முக்குளிக்கும் மற்ற இடங்களான பவளத் தோட்டம், செங்குத்துச் சுவர் இரண்டுக்கும் தலா ஒரு முறை போதும். பக்கத்திலுள்ள செராயா கரைக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முதலில் வெறும் கறுப்பு மணலாகத்தான் தெரியும், ஏமாந்த மாதிரி இருக்கும். கண் பழகிய உள்ளூர் வழிகாட்டியோடு மெதுவாகத் தேடினால், நட்சத்திர மீனைத் தின்னும் ஹார்லெக்வின் இறாலும் விரல்நுனி அளவுக் கடல் நத்தைகளும் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

சிப்பி எடுத்த பழக்கத்தில் மூச்சை மட்டும் அடக்கிவிடாதீர்கள். சிலிண்டர் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். கரை முழுக்க உருளைக் கல், கனத்த அடியுள்ள பூட்ஸ் வேண்டும். சிலிண்டரைத் தலையில் சுமந்து வருவது அவ்வூர்ப் பெண்கள். நம்மூர் மீன் கடவம் ஞாபகம் வரும். நானே தூக்குகிறேன் என்று வீரம் காட்டி அவர்கள் கூலியைக் கெடுக்காதீர்கள்.

அப்புறம், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவில் 18 மணி நேரமாவது விடுங்கள். அதற்குள் கிந்தாமணி மலைக்குச் சுற்றிப்பார்க்கப் போவதும் வேண்டாம், அதுவும் விமானம் மாதிரி உயரம்தான், முக்குளித்த உடம்புக்கு உடனே ஆகாது.